அண்ணன் சொல்லாமல் விட்ட காய்ச்சல்

இருபத்திரண்டு வருடங்களாக அண்ணனைத் தொலைபேசியில் மட்டுமே பார்த்துவந்தேன். அவர் இத்தாலியில் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். நான் நியூசிலாந்தின் ஒக்லாந்தில், விரி என்ற இடத்தில் உள்ள ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கடைசியில் ஒரு ஆகஸ்ட் மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு இரண்டு கிழமை அவரிடம் போய் நின்றேன்.

அங்கே கோடை. பொழுது சாயும் நேரத்தில் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கதைப்போம். கணுக்கால் கடிக்கும், நுளம்பின் சத்தம் மட்டும் இருக்காது. என்ன பூச்சி என்று கேட்டேன். 'பப்பதாச்சி' என்றார் அண்ணன். சத்தம் போடாமல் சாப்பிடுவது என்று அர்த்தமாம். ஆங்கிலத்தில் சான்ட்ஃப்ளை, மணல் ஈ. எங்கள் நியூசிலாந்துக் கடற்கரையிலும் அது இருக்கிறது, சொறிந்தால் போய்விடும் என்று நான் விளக்கம் கொடுத்தேன். அண்ணன் எனக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.

திரும்பி வந்தபோது ஒக்லாந்தில் குளிர்காலம் முடிந்திருக்கவில்லை. ஆறாம் நாள் வேலையில் காய்ச்சலோடு தலை இடித்தது. கூரை விளக்கைப் பார்க்க முடியவில்லை. சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தால் கழுத்து மடங்கவில்லை. வேர்ஹவுஸில் பாதிப் பேருக்கு ஃப்ளூ என்பதால் எனக்கும் அதுதான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் உள்ள கடைக்கு வேலைக்குப் போக உடுத்திய சீருடையோடு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தேன்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி, ஏதோ ஒரு வைரஸ், எதுவென்று தெரியவில்லை என்றார்கள். அந்த வார்டில் ஒரு இளம் டொக்டர், மலேசியத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், வெளிநாட்டுல பூச்சி ஏதும் கடிச்சிச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சொறிந்தால் போய்விடுவதையெல்லாம் டொக்டரிடம் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

"பொய் சொல்லாதேங்கோ. காலைக் காட்டுங்கோ," என்றாள் மனைவி. "பிள்ளை, இவரைச் சான்ட்ஃப்ளை கடிச்சது."

பக்கத்தில் நின்ற பெரிய டொக்டர் சிரித்தார். சான்ட்ஃப்ளை கடித்து யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை என்றார். இளம் டொக்டர் போய் எதையோ வாசித்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். இங்கே இருக்கும் சான்ட்ஃப்ளை வேறு பூச்சி, அங்கே இருப்பது வேறு பூச்சி, பெயர் மட்டும்தான் ஒன்று. அங்கே உள்ளது வைரஸைப் பரப்பும் என்றார். இத்தாலியில் டஸ்கனி என்ற பகுதியின் பெயரிலேயே ஒரு வைரஸ் இருக்கிறதாம். தனி மருந்து கிடையாது, ஆனால் பெரும்பாலும் சுகமாகிவிடும். இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் நிச்சயப்படுத்த வேண்டும். பெரிய டொக்டர் அதையும் வாசித்துவிட்டு, சரி அனுப்புவோம் என்றார்.

மறுநாள் காலை மனைவி அண்ணனுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"ஓம் தம்பி. அதுதான். எனக்கும் வந்தது."

இத்தாலிக்குப் போன மூன்றாம் வருடமாம். பாஷை தெரியாமல் தலையைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். முதலில் பல் டொக்டரிடம் அனுப்பினார்களாம். பிறகு பத்து நாள் ஆஸ்பத்திரியில் தனியே கிடந்திருக்கிறார். அந்த நாட்களில் அவர் என்னோடு போனில் பேசியது நினைவிருக்கிறது. தோட்டத்தில் லீவு, நல்லாய்ச் சாப்பிட்டு நித்திரை கொள்கிறேன் என்றார். நான் பொறாமைப்பட்டேன்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொல்லி? நீ அங்கயிருந்து கவலைப்படத்தான் முடியும்."

"சரி, இப்ப முற்றத்தில இருக்கேக்கயாவது?"

"இத்தனை வருசத்துக்குப் பிறகு பக்கத்தில இருந்து கதைக்கிறாய். உள்ள வா எண்டு சொல்ல மனம் வரேல்லை."

எனக்குக் கோபப்படப் பலம் இருக்கவில்லை. அந்த வேலையை மனைவி செய்தாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். தலையிடி ஒரு மாதம் இருந்தது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, அந்த வைரஸேதான். லீவுக்குக் காரணம் சான்ட்ஃப்ளை என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் சான்ட்ஃப்ளைக்குப் பெயர்போன தென்தீவில் வளர்ந்தவர். அடுத்த நாள் பூச்சி விரட்டும் ஸ்ப்ரே ஒன்று கொண்டுவந்து தந்தார்.

அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கும்போது எதையும் மறைப்பதில்லை. முழங்கால், சீனி வருத்தம், கடைவாய்ப் பல் என்று வரிசையாகச் சொல்கிறார். போன கிழமை நானும் பிரஷருக்கு ஆறு வருடமாகக் குளிசை போடுவதைச் சொன்னேன். இதை முதலே சொல்லுறதுக்கென்ன என்று வெகுநேரம் ஏசினார்.