இடதுபக்கம் கம்மி

என் வீட்டுக்காரர் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து ஐந்தாவது தரமும் இழுப்பார். அக்கம்பக்கத்தில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர். ஆபீஸ்கள் கழித்துப்போட்ட லேப்டாப்புகளை வாங்கி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை ஏற்றி, ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் இணைத்து, வீடுவீடாகப் பாட்டு கேட்க வைத்துக் கொடுப்பது அவர் தொழில். அவர் காதால் கேட்டுச் சரி என்றால்தான் ஜனங்களுக்கும் சரி. அந்தக் காதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

போன மாதம் எங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே இடதுபக்கம் கம்மியாகக் கேட்கிறது என்று ஆரம்பித்தார். முதலில் லினக்ஸ் மேல் சந்தேகம். அழித்துவிட்டு இரண்டு தரம் புதிதாகப் போட்டார். பிறகு வயர், ஆம்ப்ளிபையர், கடைசியில் ஹெட்போன். எல்லாம் மாற்றியாயிற்று. மிச்சம் இருந்தது நான்தான்.

“தூசி தட்டும்போது எதையாவது திருகினியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் துணியை எடுத்தாலே பின்னால் வந்து நிற்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? எல்லாம் மனப்பிரமை, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன் என்று முடிவு கட்டினேன். கண்ணை மூடிக் கேளுங்கள் என்று சொல்லி, ஹெட்போனை நானே அவருக்கு மாட்டினேன், பக்கம் மாற்றி. அவர் ஒருநாளும் அப்படி மாட்டமாட்டார். செருப்பைக் கால் மாற்றிப் போடுவது மாதிரி அவருக்கு.

“இப்ப எந்தப் பக்கம் கம்மி?”

“இடதுதான். அப்படியேதான் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இப்ப உங்க இடது காதுல இருக்கறது வலதுபக்கம். நான்தான் மாத்தி மாட்டினேன்.”

அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி நேராக மாட்டினார், திருப்பி மாட்டினார், மறுபடியும் நேராக மாட்டினார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன் அடித்தது. மறுநாள் வேலைக்கு வரச்சொன்ன வீடு. வழக்கம்போல் இடது காதில் வைத்தவர், வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, வருகிறேன் என்றார். காது டாக்டரிடம் போகலாம் என்றேன். தலையாட்டினார்.

“நாளைக்கு நீயும் கூட வா,” என்றார். “நீ கேட்டுச் சரின்னு சொல்லு. நான் அப்படியே எடுத்துக்கறேன்.”