ஒரு சாண் உயரம்

திம்மராயனை நான் திட்டாத நாள் கிடையாது. அப்போது நான் கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பத்தைந்தாம் வருஷம். வழியில் ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம்தான் உண்டு. அதன் இக்கரையில் திம்மராயனின் குடிசை. ரோட்டுக் கூலியாகச் சேர்ந்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக அவன்தான் பாலத்துக்குக் காவல்.

பார்க்கிறவர்களுக்கு அது சுலபமான வேலை. பாலத்தின் ஓரத்தில் ஓர் அளவுக்கல், அதில் ஒரு சிவப்புக்கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் ரோட்டின் குறுக்கே சங்கிலியைக் கட்டிவிட்டுக் கொடியோடு நிற்க வேண்டும், யாரையும் விடக்கூடாது. அந்த ஆற்றை நம்ப முடியாது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். மைசூர்ச் சீமையில் பெய்த மழை திடீரென்று கலங்கிய வெள்ளமாக வந்து இறங்கும்.

அந்தக் கோடையில் மரம் ஏற்றிவந்த லாரி ஒன்று அளவுக்கல்லை இடித்துச் சாய்த்துவிட்டது. ஆள் அனுப்புகிறேன் என்று சொன்ன ரோட்டு மேஸ்திரி அனுப்பவே இல்லை. பழைய குழி இடிந்து கிடந்ததால் திம்மராயன் தனியாளாக ஓரடி தள்ளித் தோண்டினான். கீழே பாறை. கல் பழைய ஆழத்துக்கு இறங்காமல் ஒரு சாண் உயர்ந்தே நின்றது. சுற்றிலும் ஜல்லி போட்டு இறுக்கிவிட்டு மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான்.

"ஒரு சாண்ல என்னடா வந்துடப் போவுது? அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர்.

கல் உயர்ந்தால் கோடும் உயர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அது தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அதனால் திம்மராயன் தனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டான். கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் வரும்போதே சங்கிலியைக் கட்டிவிடுவது. ஆவணியிலும் புரட்டாசியிலும் அப்படித்தான் கட்டினான்.

அப்போதுதான் நான் கெடுத்தேன். கோடு பளிச்சென்று தெரியும், இவன் கொடியோடு குறுக்கே நிற்பான். பஸ் நிறைய ஆட்கள். எனக்குக் கோபம் தலைக்கேறும்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? கோடுதான் தெரியுதே, அப்புறம் என்ன? பஸ்ஸை நிறுத்துறதுல அப்படி என்ன சந்தோசம்?" என்று படிக்கட்டில் நின்று கத்துவேன். பஸ்ஸே சிரிக்கும்.

அவன் கொடியை இறக்கமாட்டான். கல்லை நட்டவன் நான்தான், தப்பாக நட்டுவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்லுவான்? கடைசியில் யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். "கோட்டைத் தொட்டா கட்டு. தொடலைன்னா விடு. உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு திம்மராயன் தன் முடிவைக் கைவிட்டான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அக்கரையில் வீடும் பயிரும் வைத்திருந்த அருள்ஜோசப், சர்ச்சில் பூசை முடிந்து மனைவி சூசைமேரியோடு மாட்டுவண்டியில் வந்தார். பாலத்தின்மேல் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு நாலு விரல் கீழே.

"போலாமா திம்மராயா?"

திம்மராயன் கல்லைப் பார்த்தான். "கோட்டைத் தொடலீங்கண்ணா. வெரசா போயிடுங்க."

ஜோசப் கீழே இறங்கி மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நடுப்பாலத்தில் சக்கரம் வழுக்கியது. வண்டி சாய்ந்து ஆற்றோடு போயிற்று. கூடவே இழுபட்ட ஜோசப் ஒரு புங்கமரத்து வேரைப் பிடித்துப் பிழைத்தார். சூசைமேரியை மூன்றாம் நாள் கோரைப் புதரிலிருந்து எடுத்தார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி கல்லைப் பார்த்தார். தண்ணீர் கோட்டைத் தொடாதபோது காவல்காரன்மேல் குற்றமில்லை என்று எழுதினார். திம்மராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் நின்ற மேஸ்திரி அவன் தோளை அழுத்தினார். அவன் அடங்கிப்போனான்.

அப்படியே இருந்துவிட்டால் வேலையும் தப்பும், பேரும் தப்பும். ஆனால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சூசைமேரிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று ஜோசப் வீட்டு வாசலுக்குப் போனான். கல், பாறை, ஒரு சாண், மேஸ்திரி, நான் கத்தியது எல்லாவற்றையும் சொன்னான். ஜோசப் கடைசிவரை கேட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் எங்கள் பஸ் பாலத்துக்கு வந்தபோது ஜோசப் கடப்பாரையும் சம்மட்டியுமாக அங்கே இருந்தார். கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவரும் திம்மராயனும் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் உடைத்தார்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அதிகாரி எழுதிவிட்டுப் போன பிறகு இவர்களுக்கு என்ன இந்த வேலை என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் கல்லை இறக்கிக்கொண்டிருந்ததால் பஸ் நின்றது. நான் இறங்கிப் போனேன். ஒரு கை கொடுக்கச் சொல்லித் திம்மராயன் கேட்டான். கொடுத்தேன். கல் இறங்கி நின்றதும், எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். அவன் கல்லைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். நான் கத்தியதையும் விட்டுவிடவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜோசப் குனிந்து கோட்டின்மேல் கையை வைத்தார்.

"அன்னிக்குத் தண்ணி இந்தக் கோட்டைத் தொட்டிருக்குமா?"

"முழுகியே இருக்கும்ணா."

"அப்ப நிறுத்தியிருப்பே."

"நிறுத்தியிருப்பேன்."

ஜோசப் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தில் இறங்கி அக்கரைக்கு நடந்தார். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. நடுப்பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் படிக்கட்டில் ஏறி விசிலை வாயில் வைத்தேன். திம்மராயன் ஒதுங்கி வழிவிட்டான்.

"போங்க கண்டக்டரே" என்றான். "கோடுதான் தெரியுதே."

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பஸ்ஸைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.