நாற்பது நாள் நின்ற மன்னிப்பு

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தியை அவருடைய மகள் மெர்சிதான் தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டிருந்தேன். பாம்பனில் மீன் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழவில்லையாம். "நீங்க வாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மகளிர் குழுக் கூட்டங்களில் அவரோடு உட்கார்ந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்ட விதத்தை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஊரே அவரைப் பார்த்துச் சிரித்ததே ஒரு ஃபிளெக்ஸ் போர்டு, அதை அச்சடித்தவள் நான்.

ராமநாதபுரத்தில் என் கடைக்கு, படகு எஞ்சின் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் பகுதி மேலாளர் வந்தார். ஒரு புகைப்படமும் இரண்டு வரியும் கொடுத்தார். ஏலத்தில் கைநீட்டி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண் இடதுபக்கம். பளபளக்கும் எஞ்சின் வலதுபக்கம். கீழே, "வீட்டுச் சத்தத்தை நிறுத்த முடியாது. படகுச் சத்தத்தை நிறுத்தலாம்!" வடிவமைக்கும்போது நான் சிரித்தேன். அந்தப் பெண்ணின் வாயை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். அது ஸ்டெல்லா அக்கா என்று அப்போது எனக்குத் தெரியாது. மேலாளர் அப்படிக் கேட்கவில்லை. வேடிக்கை நன்றாக எடுபடட்டும் என்று நானாகச் செய்தேன்.

உச்சிப்புளி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அதை ஏற்றினார்கள். ஏலத்தில் அக்கா வாயைத் திறந்தாலே "சத்தம் வந்திருச்சு" என்று வியாபாரிகள் சிரித்தார்கள். கல்லூரிப் பேருந்தில் மெர்சிக்கு முன்னால் அந்தப் படம் கைபேசி கைபேசியாகப் போனது. அவள் கல்லூரிக்குப் போக மறுத்துப் படுத்துக்கொண்டாள். அக்காவின் கணவர் சூசை அண்ணன், "விளையாட்டுக்குப் போட்டிருக்கானுக, விட்டுத் தள்ளு" என்றார். டீக்கடையில் மற்றவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்திருந்தார். அது அக்காவின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் கணவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவன் ஏதோ கண்காட்சிக்கு என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறான். போர்டின் அடியில் சின்னதாக இருந்த என் கடையின் பெயரைப் பார்த்துவிட்டு அக்கா நேரே வந்தார்.

"இத அடிச்சது யாரு?"

நான்தான் என்றேன்.

"அடிக்கையில சிரிச்சியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சிரித்தேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தா."

அவர் கேட்டது துண்டுப்பிரசுரம். மேலே அதே போர்டின் படம். கீழே, "இந்த எஞ்சினுக்குக் கடன் கையெழுத்துப் போடுமுன் இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள்." அவ்வளவுதான். எங்கள் கரையில் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது ஆண்கள். அதற்குக் குழுக்கடன் எடுத்துக் கையெழுத்துப் போடுவது பெண்கள். அந்த நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பிரசுரக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். நானும் சில நாள் கூடப் போனேன். புதுமடத்தில் ஒரு குழுத்தலைவி, படத்தில் இருப்பது உங்கள் முகம், இதில் நாங்கள் ஏன் தலையிட வேண்டும் என்று தயங்கினார். அக்கா பொறுமையாகச் சொன்னார்: "இன்னைக்கு என் மூஞ்சி. நாளைக்கு யாரு மூஞ்சின்னு அவன்தான முடிவு பண்ணுவான்." அந்தத் தலைவி பிரசுரத்தை வாங்கிக்கொண்டார். வாலிநோக்கம் வரை ஒவ்வொரு குழுவாகக் கையெழுத்து நின்றது. வீடுகளில் சண்டை வந்தது. கடைசியில் ஆண்கள் வேறு எஞ்சின் வாங்கினார்கள்.

அந்தப் பருவம் முழுவதும் விற்பனை படுத்துவிட்டது. மேலாளர் பழக்கூடையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். போர்டை எடுத்தாயிற்று, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதே இடம், அதே அளவு, அது நின்ற அதே நாற்பது நாள், உங்கள் படத்தைப் போட்டு மன்னிப்புக் கேளுங்கள் என்றார் அக்கா.

அதையும் நான்தான் வடிவமைத்தேன். "ஒரு பெண்ணின் முகத்தை அவரைக் கேட்காமல் பயன்படுத்தி, அவரைக் கேலி செய்து பொருள் விற்கப் பார்த்தோம். அது கேவலம்." 'கேவலம்' என்பதை 'தவறு' என்று மாற்ற மேலாளர் கெஞ்சினார். அக்கா சம்மதிக்கவில்லை. போர்டு ஏறிய அன்று சூசை அண்ணனிடம் "சோறு எடுத்து வச்சிருக்கு" என்றாராம். இடையில் காற்றில் போர்டின் ஒரு முனை கிழிந்து மேலாளரின் முகம் மடங்கிக்கொண்டபோது, அக்காவே ஆள்விட்டு இழுத்துக் கட்டச் சொன்னார். ஒரு நாளைக்குக்கூட அந்த முகம் மறையக் கூடாது அவருக்கு.

நாற்பதாம் நாள் மேலாளர் வந்து, இப்போது மன்னித்துவிட்டீர்களா, இனி கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மன்னிப்பு நீங்க கேட்டீக. குடுக்குறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

கையெழுத்து விழவில்லை. ராமநாதபுரத்தில் இருந்த கிளையை மூடிக்கொண்டு போனார்கள். கோயிலில் பெரியவர்கள் அழைத்து, இவ்வளவு வன்மம் ஆகாது என்று புத்தி சொன்னார்கள். "ஆண்டவருக்குப் பெரிய மனசு. எனக்கு இம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குக் கிளம்பினார். அவர் குரல் கடைசிவரை குறையவில்லை. மெர்சி படித்து முடித்து வேலைக்குப் போகிறாள்.

அடக்கத்துக்கு மறுநாள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதே நிறுவனம்தான். மேலாளர் மட்டும் புதியவர். மறுபடியும் இங்கே கடை திறக்கிறார்களாம். அக்காவுக்குக் கண்ணீர் அஞ்சலி போர்டு வேண்டுமாம், "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று போட்டு, அடியில் நிறுவனத்தின் சின்னத்தோடு. முடியாது என்றேன். வைத்த கையோடு ஊரில் உள்ள மற்ற ஃபிளெக்ஸ் கடைகளுக்கெல்லாம் பேசினேன். பிறகு குழுத்தலைவிகளுக்குப் பேசினேன். அந்த நிறுவனத்தால் எங்கும் அச்சடிக்க முடியவில்லை.

அன்று சிரித்ததற்கு என்னை மன்னித்துவிட்டாரா என்று அக்காவிடம் நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம். இத்தனை வருடம் என் கடைக்கு வந்து டீ குடித்தார், மெர்சிக்கு வரன் பார்க்கச் சொன்னார், ஆனால் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவருடைய கோபத்தில் ஒரு பங்கை நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை ஆறவிடுவதாக இல்லை.