மூன்று முறைக்கு மேல்

எட்டாவது வரை படித்தவள் நான். ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து கை கால் தேறிய பிறகும் என் வீட்டுக்காரருக்கு ஒரு குறை நின்றுவிட்டது. தான் சொன்னதன் கடைசி வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்வார். வேகம் கூடிக்கொண்டே போகும், சத்தம் குறைந்துகொண்டே போகும், கடைசியில் உதடு மட்டும் அசையும். தேனி டாக்டர் சீட்டில் ‘பாலிலாலியா’ என்று எழுதினார். மகள் போனில் பார்த்துச் சொன்னாள்: பழைய கிரேக்க மொழியில் ‘பாலின்’ என்றால் மறுபடியும், ‘லாலியா’ என்றால் பேச்சு. மறுபடியும் பேச்சு. இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சீட்டை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

சின்னமனூர் வரன் அமைந்தது. நிச்சயத்தன்று கோம்பையில் எங்கள் வீட்டில் தட்டு மாற்றும்போது, பெண்ணின் தகப்பன் “பொண்ணு உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு” என்று மூன்று முறை சொல்ல வேண்டும்.

“நான் சொல்லிடுறேன் மதினி” என்றார் கொழுந்தனார்.

மகள் ஒப்பவில்லை. “எங்கப்பா இருக்கையில நீங்க எதுக்கு சித்தப்பா?”

ஒரு வாரம் பழகினோம். மூன்றாவது முறை முடிந்ததும் அவர் மணிக்கட்டை அழுத்துவேன், நின்றுவிடுவார்.

ஒன்றை யோசிக்கவில்லை. சபையில் ஆண்கள் ஜமுக்காளத்தில் இருப்பார்கள். நான் பெண்களோடு அடுப்படி வாசலில் நிற்பேன்.

மூன்று முறையும் தெளிவாகச் சொன்னார். நாலாவதும் சொன்னார். “பரிசம் எங்களுக்கு, எங்களுக்கு, எங்களுக்கு...”

“போதும்ணே! இருக்கது ஒரு பொண்ணு, எத்தன தடவ குடுப்பீக?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சபை சிரித்தது. என் வீட்டுக்காரரின் கண் என்னைத் தேடியது. சபையில் வாய் திறந்தே அறியாதவள் நான். ஆண்களைத் தாண்டிப் போய் அவர் மணிக்கட்டை அழுத்தினேன். பேச்சு நின்றது. சிரிப்பும் நின்றது.

“இது ஒரு சீக்கு. பாலிலாலியானு பேரு. புத்தி நல்லாத்தான் இருக்கு, பேச்சுலதான் இப்பிடி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கையில் வைத்தபடியே, “மொதல்லயே சொல்லிருக்கலாம்ல தங்கச்சி” என்றார். சாப்பிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் காலையில் சின்னமனூரிலிருந்து போன் வந்தது. இது பரம்பரையாக வரும் நோயில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கித் தரச் சொன்னார்கள். பீரோவிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு, நானும் அவரும் தேனிக்கு பஸ் ஏறினோம்.