முட்டை வண்டியில் போன பை

டயாலிசிஸ் நிதிக்காகச் சைக்கிள் பயணம். இன்று எதிர்க்காற்று. கால் சொன்னபடி கேட்கவில்லை.

நாமகிரிப்பேட்டை தாண்டியதும் முட்டை வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது. "சைக்கிளத் தூக்கிப் போட்டு ஏறுங்க, நாமக்கல்ல எறக்கி உடறேன்" என்றார் ஓட்டுநர்.

"முழுக்க மிதிக்கிறேன்னு சொல்லித்தான் நன்கொடை வாங்கியிருக்கேங்க."

"நீங்க மிதிங்க. பை எதுக்குங்க மிதிக்கோணும்?"

மறுக்கத் தெம்பில்லை. பையை நாமக்கல் பைபாஸ் டீக்கடையில் கொடுப்பதாகச் சொல்லிக் கொண்டுபோனார். வண்டி எண்ணைக்கூட நான் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கடைக்கார அக்கா, "வாங்க சாமி. அலுத்து வருவாரு, ஒக்கார வெச்சு அனுப்புங்கன்னு சொல்லிட்டுப் போனாருங்க" என்றார்.

இன்றைய பயணப் பதிவைப் பார்த்த நன்கொடையாளர்கள், கடைசித் தூரத்தில் மட்டும் எப்படி அவ்வளவு வேகம் என்று கேட்கிறீர்கள். பை போய்விடுமோ என்ற பயம்தான்.

அந்த அண்ணனைத் தெரிந்தவர்கள் நன்றியை மட்டும் சொல்லுங்கள். பயந்ததைச் சொல்ல வேண்டாம்.