நெற்றி தெரியாத ஹெலிகாப்டர்

பொம்மைக் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்கு எத்தினி வயசு மேடம்?"

"அறுபது தாண்டிடுச்சு," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் சிவாஜிநகருக்குப் போனது படுக்கை விரிப்பு வாங்க. வீட்டில் இருந்தவை நடுவில் கிழிந்துவிட்டன. கிழிசலைக் கால்பக்கம் தள்ளிப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தோம், நானும் அப்பாவும், அவரவர் அறையில். எம்.ஜி. ரோட்டை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. வைட்ஃபீல்டிலிருந்து ஆபீஸ் வண்டியில் ஊருக்குள் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். டிரைவரிடம் சொல்லி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டேன். துணிக்கடைக்குப் போகிற சந்தில், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நூலில் தொங்கிய ஹெலிகாப்டர் ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்துவிட்டேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த மாதங்களில் நான் செய்த எல்லாவற்றுக்கும் என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

அம்மா மே மாதம் இறந்துபோனாள். காலையில் காபி கலந்துகொண்டிருந்தவள் அடுப்படியிலேயே உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடுடி, அழுதுடு," என்றாள். அழுகை வரவில்லை. "கல்லு கணக்கா நிக்கிறா பாரு," என்று யாரோ என் காதில் விழும்படியே சொன்னார்கள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காரியம் முடிந்ததும் ஆபீஸ் போனேன். முன்னைவிடத் தப்பில்லாமல் வேலை செய்கிறேன் என்று மேனேஜர் பாராட்டினார். அவர் தலையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்கலாமா என்று தோன்றியது. கோபத்தில் இல்லை, சும்மா ஒரு யோசனையாகத்தான் தோன்றியது.

அப்பா சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் கத்திப் பிழைத்தவர். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கூட்டத்தை உள்ளே நகர்த்திய குரல் அது. வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. சாம்பாரில் உப்பு குறைந்தால் எங்கள் பேட்டை ஜீவனஹள்ளிக்கே தெரிந்துவிடும். "இது பஸ் இல்ல, வீடு," என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அந்த மனிதர் மே மாதத்துக்குப் பிறகு பேசியது ஒரே ஒரு சொல். சாப்பிடுறியாப்பா? ம். டிவி போடட்டா? ம். மாத்திரை போட்டியா? ம். வாசற்படியைத் தாண்டுவதில்லை. காலையில் நான் கிளம்பும்போது எந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ, சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே இருப்பார். என்னைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இவர் இப்படியே போய்விடுவாரோ என்ற பயம் மட்டும், மரத்துப்போன இடத்திலும் எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு முழு வாக்கியம் பேசினால் போதும், அது என்னைத் திட்டுவதாக இருந்தாலும் சரி என்று நினைத்துக்கொள்வேன்.

ஹெலிகாப்டரில் என் கண் நின்றதற்குக் காரணம் இருந்தது. விமானத் தொழிற்சாலையிலிருந்து கிளம்புகிறவை எங்கள் வீட்டுக்கு மேலே அடிக்கடி சுற்றும். அம்மாவுக்கு அதில் ஒரு பைத்தியம். சத்தம் கேட்டால் போதும், கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு, பிழிந்த துணி இருந்தால் துணியோடு மொட்டை மாடிக்கு ஓடுவாள். போய்க் கையாட்டுவாள். "ஓட்றவனுக்குத் தெரியவா போவுது?" என்று அப்பா கீழேயிருந்து கத்துவார். "தெரியுது, தெரியுது," என்று மேலேயிருந்து பதில் வரும். காலேஜ் படிக்கும்போது எனக்கு மானம் போகும். அவள் போன பிறகும் ஹெலிகாப்டர்கள் வந்தன. சத்தம் கேட்டதும் நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்போம். மாடிக்கு இரண்டு பேருமே போகவில்லை. துணியை வாசல் கம்பியிலேயே காயப்போட்டேன்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது உள்ளங்கை அளவு, வீட்டுக்குள்ளேயே பறக்கும் என்றார். இரண்டாவதற்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள்.

"மொதல் தபாதானே மேடம்? இதை எடுங்க. மேல ஒரு பக்கம் சுத்தும், கீழ மறு பக்கம் சுத்தும். அதுபாட்டுக்கு நின்னுக்கும். யாரு வேணா ஓட்டலாம்."

மூன்றாவது பெரியது. ஒரே ஜோடி இறக்கை, மஞ்சள் நிறம், நுனியில் சிவப்புப் பட்டை. நீண்ட வால், வாலில் ஒரு குட்டி விசிறி.

"இது?"

"அய்யோ, அது பாக்கத்தான் ஷோக்கு. மூக்கு ஒரு பக்கம் போவும், வாலு ஒரு பக்கம் போவும். சும்மாவே சாயும். அதைக் கத்துக்கினு அப்பறமா இதுக்கு வாங்க, நானே தர்றேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. புத்தியுள்ளவர்கள் இரண்டாவதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அம்மா கையாட்டிய எதற்கும் இரண்டு அடுக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரே ஜோடிதான் இருக்கும், பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு வால் இருக்கும்.

"மூணாவதே குடுங்க."

"உங்க இஷ்டம். வால் உடைஞ்சா எடுத்துகினு வாங்க, வேற போட்டுத் தர்றேன்," என்றார். பிறகு கட்டிக்கொண்டே, "உடையும்," என்றும் சொன்னார்.

படுக்கை விரிப்பு வாங்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்பா பெட்டியைப் பார்த்தார்.

"ஹெலிகாப்டர்ப்பா. ரிமோட்ல பறக்கும்."

"ம்."

பெட்டியைத் தூக்கி பீரோ மேல் வைத்தேன். வாங்கியதே அபத்தமாகத் தோன்றியது. பிரிக்காமல் அது அங்கேயே கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் அந்த நாளில் பொட்டு வாங்காமல் எந்தப் பொருளும் தப்ப முடியாது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட், அப்பாவின் பழைய தோல்பை, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைப்பாள். முந்தின வருடம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் ஆபீஸ் லேப்டாப்புக்கும் வைத்துவிட்டாள், அதுவும் எழுத்துப் பலகையின் நட்டநடுவில். சந்தனம் காய்ந்து ஒரு பொத்தான் அழுந்தவில்லை. ஆபீசில் பழுது பார்க்கிறவர் அதைச் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, "பூஜையா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டேன்.

இந்த வருடம் எதுவும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. சாமி அலமாரிக்கு மே மாதம் இழுத்துவிட்ட திரை அப்படியே இருந்தது. உள்ளே அம்மாவின் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் இருந்தன. தெருவில் ஆட்டோக்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. பூசணிக்காய் உடைத்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பொரியும் கடலையும் கொண்டுவந்து கேட் வழியாக நீட்டிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போனாள். ஆபீஸ் லீவு. செய்வதற்கு எதுவுமில்லாததால் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்து மாட்டினேன். கூடவே வந்த புத்தகத்தின் ஆங்கிலம் யாரோ அடித்துக் கைகால் உடைத்துப் போட்ட ஆங்கிலம். இரண்டு இறக்கையும் ஒரே எடை இருக்க வேண்டும், ஒன்றில் அழுக்கு ஒட்டினாலும் வண்டி நடுங்கும் என்ற வரி மட்டும் தெளிவாகப் புரிந்தது. பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அப்பா நாற்காலியில் இருந்தார். குளித்து, சமைத்து, சாப்பிட்டு முடித்தபோது பேட்டரி தயாராக இருந்தது. மாடிக்கு, வெளியே இருக்கும் இரும்புப் படி வழியாக எடுத்துப்போக வேண்டும்.

"மாடிக்குப் போறேன். வர்றியாப்பா?"

"ம்," என்றார். வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் கிளம்பினேன்.

மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மாடி ஏறினேன். கொடியில் அம்மாவின் துணி கிளிப்புகள் வெயிலில் வெளுத்துப்போய் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை நானே வெளியில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா மெதுவாக ஏறிவந்து, படிமுனையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தரையில் வைத்து விசையைத் தள்ளினேன். இறக்கைகள் சுற்றின. சுற்றியதும் மொத்த வண்டியும் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறத் தொடங்கியது. எழும்பவில்லை. உதறிக்கொண்டே தரையில் நகர்ந்து போய்க் கைப்பிடிச் சுவரில் முட்டியது. நிறுத்தினேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே உதறல். வேகத்தைக் கூட்டினால் பற்கள் தந்தியடிக்கிற மாதிரி சத்தம் வந்தது.

"ஏமாத்திட்டான்ப்பா அவன்," என்றேன். "வேணாம் வேணாம்னு சொல்லிகினே ஓட்டைய தள்ளிவிட்டுட்டான். நாளைக்குப் போய் அவன் மூஞ்சிலயே எறியறேன் பாரு."

பேட்டரியைக் கழற்றுவதற்காக அதைக் கையில் எடுத்தேன். இறக்கையைப் பிடித்த விரலில் ஏதோ பிசுபிசுத்தது. திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் இறக்கையின் நுனியில், சிவப்புப் பட்டையை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். மேலே காய்ந்து, அடியில் இன்னும் ஈரமாக இருந்தது. மற்ற இறக்கையைத் தடவிப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை.

நான் குளிக்கப் போன நேரத்தில் இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். திரையை விலக்கியிருக்கிறார். அம்மாவின் கிண்ணத்தில் சந்தனம் கரைத்திருக்கிறார்.

"இன்னாப்பா இது?"

அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அதிலும் மஞ்சள் இருந்தது.

"வெக்கக் கூடாதுதான். வருசம் திரும்பல," என்றார். குரல் கரகரத்தது. இருமிச் சரிசெய்துகொண்டார். "ஆனா புது வண்டிம்மா. இன்னிக்கு நாளும் அதுவுமா, வெக்காம எப்படி எடுக்கறது? அவ உட்டுருப்பாளா? உன் ஆபீஸ் கம்ப்யூட்டரையே உடல."

அவர் அத்தனை சொற்களை ஒன்றாகப் பேசியதைக் கேட்டு அப்படியே நின்றேன்.

"இதுக்கு நெத்தி எதுன்னு தெரியல," என்றார். "திருப்பித் திருப்பிப் பாத்தேன். இதான் மேல இருந்துச்சு. வெச்சேன்."

"ரெண்டு ரெக்கையும் ஒரே வெயிட் இருக்கணும்ப்பா. ஒண்ணுல மட்டும் இருக்கறதாலதான் உதறுது."

அவர் முகம் இறுகுவதைப் பார்த்தேன். காலையில் நாற்காலியில் இருந்த அதே முகம் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"அப்ப தொடச்சிடு," என்றார். கீழே போகத் திரும்பினார்.

என் துப்பட்டா நுனி கையில்தான் இருந்தது. ஒரு துடைப்பு துடைத்தால் போய்விடும். வண்டியும் ஒழுங்காகப் பறக்கும். கடைக்காரரிடம் சண்டை போடவும் வேண்டியதில்லை.

"தொடைக்க வேணாம்," என்றேன். "இன்னொண்ணு வெய்யி. அந்த ரெக்கைக்கும். இதே அளவு."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். கீழே திரை வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. கிண்ணமும் சிமிழுமாக ஏறிவந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்த விரலால் சந்தனத்தைத் தொட்டார். வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பழைய பொட்டோடு ஒப்பிட்டார். கொஞ்சம் வழித்து எடுத்தார். குங்குமம் வைத்தார். "கொஞ்சம் காயட்டும்," என்று ஊதினார்.

இந்த முறை உதறல் அநேகமாக இல்லை. முழங்கால் உயரம் எழும்பியது. பிறகு இடுப்பு உயரம். மூக்கு ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் போயின. கடைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. எனக்கு எந்த விசை எதற்கென்று மறந்துவிட்டது. கொடியின் மேல் ஏறி, கிளிப்புகளைத் தாண்டி, அது தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போனது.

"ஹோல்டான்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். "ஹோல்டான்! லெஃப்ட்ல புடி, லெஃப்ட்ல! கண்ணு எங்க கீது உனக்கு? டேங்க்மா, டேங்க்!"

எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தத்தைத் தாண்டிப் போகிற பஸ்ஸை நிறுத்தும் குரல் அது. இது பஸ் இல்லை, வீடு என்று அம்மா சண்டை பிடித்த குரல். ஹெலிகாப்டர் தொட்டியில் மோதி விழுந்தது. நான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடியே தரையில் உட்கார்ந்தேன். என்ன என்று புரிவதற்குள் அழுகை வந்துவிட்டது. மே மாதம் சித்தி உலுக்கியபோது வராதது, வாயைப் பொத்தியும் நிற்காமல், எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வந்தது.

அப்பா என்னிடம் வரவில்லை. தொட்டியடிக்குப் போய் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு ரெண்டும் அப்படியே கீதும்மா," என்றார். "வாலுதான் போச்சு. கடை எங்க, சிவாஜிநகர்லயா? நாளைக்கு நானும் வர்றேன், போலாமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வந்தது ஒரு "ம்" மட்டும்தான்.