கோந்துத் தூளும் கழன்ற பற்களும்

பல்செட்டுத் தொழிலில், செட்டு வாயில் ஏறிய பிறகுதான் வேலையே ஆரம்பம். ஈறு வற்றிப்போய், பேச்சுக்கு நடுவே மேல்செட்டு கீழே இறங்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கடையில் அதற்கென்று கோந்தை இடித்துச் சலித்த தூள் வைத்திருந்தோம். செட்டை நனைத்து, மெல்லத் தூவி, ஈறில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரில் போனது

காதர் பாய் துறைமுகத்தில் சரக்குப் படகுத் தண்டல். ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். ஒருநாள் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்தியபோது மேல்செட்டு கடலில் விழுந்து மூழ்கியது. புதுசு தயாராகும்வரை அவர் பொக்கை வாயால் கத்தியது யாருக்கும் விளங்கவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி படகை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

புதுச் செட்டைத் தூள் போட்டு மாட்டிவிட்டு, "கத்திப் பாருங்க பாய்" என்றேன். கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது, செட்டு அசையவில்லை. முகம் பார்த்த கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: "பல்லு நிக்குது நைனா, வேலதான் நிக்கல."

ரங்கூன் கப்பல்

காலடிப்பேட்டை முனியம்மாவின் புருஷன் ரங்கூன் அரிசி மில்லுக்குப் போய்ப் பல வருஷம். அவர் போன பிறகுதான் அவளுக்குப் பல் போனது. அவர் திரும்பி வருகிறார் என்றதும், தொளதொளத்த செட்டோடு வந்து, "அவரு எதிர்ல கயண்டுக்கக் கூடாதுப்பா" என்றாள். தூள் போடும் விதத்தைக் காட்டினேன். கண்ணாடி முன்னால் சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

கப்பல் வந்த பிறகு ஒருநாள், புருஷனைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டி வந்தாள். ரங்கூனில் கண்ட நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போயிருந்தன. அவரை என் எதிரில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "என் சிரிப்பு எப்டி கீதுன்னு நீயாவது அவருக்குச் சொல்லேன்பா."

ஆறாத ஈறு

புளியந்தோப்பு ஏகாம்பரம் பௌத்தர். மில் ஆட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டத்தில் பேசுவார். ஒரு கூட்டத்தில் செட்டு கழன்று பேச்சு குழற, சிலர் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தூளை அப்பிக்கொண்டுதான் மேடை ஏறினார். ஈறு புண்ணாகி ரத்தம் கண்டது. செட்டைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள், ஆறியதும் மறுபடி அளவெடுக்கலாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. தாடை வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். அதற்கப்புறம் அந்த வாயில் எந்தச் செட்டும் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் வந்தது. திறப்பு நாளில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச அழைத்தார்கள், கையை அசைத்து மறுத்தார். கூட்டம் கைதட்டி ஓய்ந்ததும் துண்டுக்குள்ளிருந்து குழறலாகச் சொன்னார்: "நீ சொன்னப்பவே கொஞ்ச நாளு பேசாம இருந்திருந்தா, இன்னிக்கி ஒரு வார்த்த பேசியிருக்கலாம்பா."